டெல்மார்வா முதல் பால்டிமோர் வரை: மைனர் லீக் வீரர்களைப் பின்தொடர்வது குறித்த கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் 2021-இல் 110 ஆட்டங்களில் தோற்றது. 2023-இல் 101 ஆட்டங்களில் வென்றது. இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள, உச்ச நிலையான மேஜர் லீக் ஆட்டங்களை மட்டும் பார்த்தால் போதாது. வீரர்கள் வளர்ந்து வரும் கீழ்நிலை (மைனர் லீக்) அணிகளையும் பார்த்திருக்க வேண்டும். பல பருவங்களாக அவற்றைப் பார்த்து வருபவன் என்ற முறையில், என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஓர் அணிக்குக் கீழே எத்தனை அணிகள் இருக்கின்றன? புதிதாகப் பார்க்க வருபவர் எந்த நிலையிலிருந்து தொடங்கலாம்?

2021-இல் மைனர் லீக் மறுசீரமைக்கப்பட்டபோது, முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் தலா நான்கு என 120 அணிகள் நிலைபெற்றன. ஓரியோல்ஸ் அணிக்கு 2023-இல் இந்த ஏணி, கீழிருந்து மேலாக, லோ-ஏ நிலையில் சாலிஸ்பரி நகரத்து டெல்மார்வா ஷோர்பேர்ட்ஸ், ஹை-ஏ நிலையில் அபர்டீன் அயர்ன்பேர்ட்ஸ், டபுள்-ஏ நிலையில் பௌவி பேசாக்ஸ், ட்ரிபிள்-ஏ நிலையில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் டைட்ஸ் என்று அமைந்திருந்தது. (பௌவி அணி 2025 முதல் செசபீக் பேசாக்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது.) இவற்றுக்கும் கீழே ஃபுளோரிடாவின் சரசோட்டாவிலும் டொமினிகன் குடியரசிலும் பயிற்சி நிலை அணிகள் உள்ளன.

டபுள்-ஏ நிலையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை. லோ-ஏ நிலையில் வெறும் வேகத்தை வைத்தே ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) பிழைத்துக்கொள்ளலாம். டபுள்-ஏ பேட்டர்கள் அந்த வேகத்தை அடித்துவிடுவார்கள். அங்கே பிட்சர்களும், மூன்று ‘பால்’ (அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் பந்து) ஆகிவிட்ட நிலையிலும் வளைபந்தைத் துணிந்து வீசத் தெரிந்தவர்கள். ஒருவரிடம் இருப்பது திறமையா, வயதுக்கு மீறிய உடல்வலு மட்டுமா என்பது முதன்முதலில் தெளிவாவது அந்த நிலையில்தான்.

கேள்வி: நான் விரும்பும் ஒரு வீரர் .300-க்கு மேல் அடிக்கிறார், அதாவது பத்து முயற்சிகளில் மூன்றுக்கு மேல் ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது). ஆனாலும் அவரை மேலே அழைக்கவில்லை. இது அநியாயம் இல்லையா?

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் பேட்டிங் சராசரி, கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் வயதைப் பாருங்கள். இருபத்து நான்கு வயதில் ஹை-ஏ நிலையில் .300 அடிப்பவரைவிட, பத்தொன்பது வயதில் அதே நிலையில் .260 அடிப்பவர்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ஏனென்றால், பின்னவர் தம்மைவிட நான்கைந்து வயது மூத்த பிட்சர்களைச் சந்தித்து அந்த எண்ணை எட்டியிருக்கிறார். அடுத்து, ஸ்ட்ரைக் அவுட்டுகளையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ‘வாக்’ எண்ணிக்கையையும் (நான்கு ‘பால்’ வீசப்பட்டதால் முதல் பேஸுக்கு நடந்து செல்வது) ஒப்பிடுங்கள்.

அதன்பின் மைதானம். ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் ஆல்புகெர்க்கியில் பந்து பறக்கும் தூரம் வேறு, கடல்மட்டத்தை ஒட்டிய நார்ஃபோக்கில் பறக்கும் தூரம் வேறு. ட்ரிபிள்-ஏ நிலைக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2023 முதல் அங்குள்ள எல்லா மைதானங்களிலும் பால், ஸ்ட்ரைக் தீர்ப்பில் இயந்திரத்துக்குப் பங்கு இருந்து வந்திருக்கிறது. ஆகவே அங்கே ஒருவர் பெறும் ‘வாக்’ எண்ணிக்கையை டபுள்-ஏ எண்ணிக்கையுடன் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

கேள்வி: ஜாக்சன் ஹாலிடே விஷயத்தில் எல்லாரும் ஏமாந்தது எப்படி? மைனர் லீகில் அத்தனை புகழ். பால்டிமோருக்கு வந்ததும் ஒன்றும் நடக்கவில்லையே.

யாரும் ஏமாறவில்லை. சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற வீரர்களைப் பார்க்கும் பார்வையும் மாறிவிடும்.

2022 டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வாக வந்த ஹாலிடே, 2023-இல் பத்தொன்பது வயதில் டெல்மார்வா, அபர்டீன், பௌவி, நார்ஃபோக் என நான்கு நிலைகளையும் ஒரே பருவத்தில் கடந்தார். மொத்தச் சராசரி .323, ‘வாக்’ 101. 2024 ஏப்ரல் 10 அன்று மேஜர் லீகில் அறிமுகமானார். பத்து ஆட்டங்களில் 34 முறை அடிக்க நின்று இரண்டே ஹிட்; ஸ்ட்ரைக் அவுட் 18. அந்த மாத இறுதியிலேயே நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பலர் அத்துடன் கணக்கை முடித்துக்கொண்டார்கள். ஜூலை 31 அன்று மீண்டும் அழைக்கப்பட்டு, டொராண்டோ அணிக்கு எதிரான அன்றைய ஆட்டத்திலேயே மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, தம் முதல் மேஜர் லீக் ஹோம் ரன்னை (பந்து சுற்றுச்சுவரைத் தாண்டும் அடி) அடித்தார். 2025-இல் முழுப் பருவமும் ஆடி 17 ஹோம் ரன் அடித்தார்.

படி ஏறியவுடன் தடுமாறுவது இயல்பு. புதிய நிலையின் பிட்சர்கள் ஒருவரது பலவீனத்தை இரண்டு வாரங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்பது இரண்டாம் மாதத்தில்தான் தெரியும். ஆகவே ஒரு வீரர் மேலே சென்றதும், முதல் மாத எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு மட்டும் எழுதாதீர்கள். இரண்டாம் மாதத்தில் அவருடைய ஸ்ட்ரைக் அவுட்டுகள் குறைகின்றனவா என்று பாருங்கள். நான் பல பருவங்களாக நம்பிவரும் அளவுகோல் இது ஒன்றுதான்.

கேள்வி: வேலை, குடும்பம் எல்லாம் போக வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள் பார்க்கத்தான் நேரம் கிடைக்கிறது. எவற்றைப் பார்ப்பது?

மைனர் லீக் அட்டவணை உங்களைப் போன்றவர்களுக்கு வசதியானது. பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டங்கள், திங்கட்கிழமை ஓய்வு. எனவே செவ்வாய் ஆட்டத்தையும் வாரக் கடைசியில் ஒன்றையும் பாருங்கள். அதே பேட்டர், அதே எதிரணிப் பிட்சர்களை இரண்டாம் முறை சந்திப்பார்.

பௌவி மைதானத்தில் ஒரு செவ்வாய் மாலை, இடக்கை பேட்டர் ஒருவர், வெளியே தாழ்ந்து விழுந்த ஸ்லைடருக்கு மூன்று முறையும் மட்டையை வீசி ஏமாந்து திரும்பியதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஏழாம் இன்னிங்ஸில் அதே பிட்சர், அதே ஸ்லைடர். முதல் பந்துக்கு அவருடைய முன்கால் அசைந்தது, மட்டை தோளை விட்டு எழவில்லை. அடுத்த ஸ்லைடரையும் விட்டார். வேறு வழியின்றி உள்ளே வந்த வேகப்பந்தையும் ஃபவுல் (எல்லைக்கோட்டுக்கு வெளியே) அடித்து, கடைசியில் வாக் பெற்று முதல் பேஸுக்கு நடந்தார். அன்றைய கணக்குத்தாளில் அது வெறும் ஒரு வாக். எனக்கோ அந்த வாரத்தின் மிக முக்கியமான நிகழ்வு அதுதான்.

கேள்வி: நாற்பது பேர் பட்டியல், ஆப்ஷன், ரூல் 5 என்றெல்லாம் சொல்கிறார்கள். எளிமையாக விளக்க முடியுமா?

மேஜர் லீக் அணி தன் பாதுகாப்பில் வைத்திருக்கும் நாற்பது பேரில், களத்துக்குத் தயாராக இருப்பவர்கள் இருபத்தாறு பேர். மற்றவர்களைக் கீழே அனுப்பி வைக்கும் உரிமைதான் ஆப்ஷன். ஒரு வீரருக்கு அது பொதுவாக மூன்று பருவங்களுக்கு உண்டு. 2022 முதல் ஒரே பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் அப்படி அனுப்ப முடியாது.

பதினெட்டு வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட வயதில் ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள்ளும் நாற்பதில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரைத் தன் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். 2016-இல் கிளீவ்லாந்து பாதுகாக்காமல் விட்ட ஆந்தனி சாந்தாந்தேரை ஓரியோல்ஸ் இப்படித்தான் எடுத்தது. 2024-இல் அவர் அடித்த ஹோம் ரன்கள் 44. அணிகள் யாரை நாற்பதில் சேர்க்கின்றன என்று தெரியவரும் நவம்பர் மாதத்தில், ஆட்டமே இல்லாதபோதும் நான் செய்திகளை விடாமல் படிப்பதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: காயத்தாலோ நோயாலோ ஓராண்டு ஆடாதவரை, நான் பின்தொடரும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா?

வேண்டாம். ஹெஸ்டன் கெர்ஸ்டாட் 2020 டிராஃப்டில் இரண்டாவது தேர்வு. இதயத் தசை அழற்சியால் 2021 பருவம் முழுவதையும் இழந்தார். முதல் தொழில்முறை ஆட்டத்தை 2022 ஜூனில்தான் ஆடினார். அதே ஆண்டு, இளம் வீரர்கள் ஆடும் அரிசோனா ஃபால் லீகின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2023 செப்டம்பரில் பால்டிமோருக்கு வந்துவிட்டார்.

கேள்வி: இருபத்தைந்து வயதைத் தாண்டியும் கீழேயே இருப்பவர்களைப் பின்தொடர்வதில் பயன் உண்டா?

பேட்டர் என்றால் யோசிப்பேன். பிட்சர் என்றால், அதிலும் பின் இன்னிங்ஸ்களில் வீசுபவர் என்றால், கட்டாயம் உண்டு. ஃபெலிக்ஸ் பௌதீஸ்தாவை மயாமி அணி 2015-இல் விடுவித்தது. அடுத்த ஆண்டு ஓரியோல்ஸ் ஒப்பந்தம் செய்தது. அவர் மேஜர் லீகுக்கு வந்தபோது வயது இருபத்தாறு. மறு ஆண்டே, 2023-இல், அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசும் பிட்சர்) விருதைப் பெற்றார்.

கேள்வி: இவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு?

2023-இல் வீரர் சங்கத்துடன் கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தத்தின்படி, அந்த ஆண்டில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் லோ-ஏ நிலையில் 26,200 டாலராகவும் ட்ரிபிள்-ஏ நிலையில் 35,800 டாலராகவும் ஆனது. அதற்கு முன் லோ-ஏ வீரர்களுக்கு 11,000 டாலர்தான் கிடைத்தது. அந்தப் பணத்தில் வாடகையும் கொடுத்து, சத்தான உணவும் உண்டு வளர்ந்தவர்களை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: நான்கு ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த வீரரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி எதற்குப் பார்க்க வேண்டும்?

2024 ஜூலையில் கானர் நார்பியையும் கைல் ஸ்டவர்ஸையும் மயாமிக்குக் கொடுத்து டிரெவர் ராஜர்ஸை வாங்கியபோது எனக்கும் இதே வலி இருந்தது. ராஜர்ஸ் வந்தவுடன் அடிவாங்கி நார்ஃபோக்குக்குப் போனார். ஸ்டவர்ஸ் 2025-இல் ஆல்-ஸ்டார் ஆனார். ஆனால் அதே 2025-இல் ராஜர்ஸ் 18 ஆட்டங்களைத் தொடங்கி 1.81 என்ற ரன் சராசரியோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்கள்; குறைவாக இருந்தால் நல்லது) முடித்தார்.

உங்கள் வீரரை விட்டுவிடாதீர்கள். அவர் வேறு சட்டை அணிந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் இப்போதும் மயாமி ஆட்டம் என்றால் ஸ்டவர்ஸ் அடிக்க வரும் இன்னிங்ஸ்களைத் தேடிப் பார்க்கிறேன். அபர்டீனில் அவர் முடிந்தவரை ஓங்கி அடிக்கப் பார்த்த நாள்களும், நார்ஃபோக்கில் பொறுமை கற்ற நாள்களும் அந்த மட்டைவீச்சில் எனக்குத் தெரிகின்றன.