முருகன் பேரும் 123-ம்

பத்து வருஷமா மெயில், பேஸ்புக், ஷாப்பிங்னு எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் சார். முருகன் பேரு, முதல் எழுத்து கேப்பிட்டல், 'ஏ' வர்ற எடத்துல @, கடைசில 123. வைக்கும்போது 'ஸ்ட்ராங்'னு பச்சை கோடுகூட காட்டுச்சு. இப்ப காலேஜ் படிக்கிற பொண்ணு 'உடனே மாத்துப்பா'னு நச்சரிக்கிறா. அப்படி என்ன தப்பு?
- வாசகர், திண்டுக்கல்

பொண்ணு சொல்றத கேளுங்க. அந்தப் பச்சை கோடு பெரும்பாலும் கேப்பிட்டல் இருக்கா, நம்பர் இருக்கா, குறி இருக்கானு எண்ணிப் பாக்கும், அவ்வளவுதான். எவனோ ஒருத்தன் உக்காந்து உங்க பாஸ்வேர்டை யோசிச்சு யோசிச்சு டைப் பண்ணுவான்னு நினைக்கிறீங்க, அப்படி இல்ல. ஏதோ ஒரு சைட்டோட டேட்டாபேஸ் மொத்தமா திருடு போகும், அதுல ஒழுங்கான சைட்டா இருந்தா பாஸ்வேர்ட் நேரடியா இருக்காது, அரிசிய மாவாக்குன மாதிரி அரைச்சு வச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு ஹாஷ். மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஆனா வேற வேற அரிசியா போட்டு அரைச்சு, இதே மாவு வருதானு பாக்கலாம்ல? அதத்தான் கம்ப்யூட்டர் விடாம பண்ணும்.

எந்த அரிசிய திருடன் முதல்ல போடுவான்? ஏற்கெனவே வெளிய வந்ததத்தான். 2009-ல ராக்யூங்கிற கம்பெனில இருந்து 3.2 கோடி பாஸ்வேர்ட் அரைக்காம கொள்ளாம அப்படியே வெளிய வந்துச்சு. முதலிடம் 123456, கிட்டத்தட்ட 2.9 லட்சம் பேர் அதத்தான் வச்சிருந்தாங்க. அந்த லிஸ்ட் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்த கேப்பிட்டலாக்கு, 'ஏ'-வ @ ஆக்கு, பின்னாடி 123 ஒட்டுனு ரூல் போட்டு ஓட்டுற சாஃப்ட்வேர் சும்மாவே கிடைக்குது. நீங்க சொந்தமா யோசிச்சதா நினைச்சது ஊருக்கே தோணுன ஐடியா சார்.

இத விடப் பெரிய வம்பு, எல்லாத்துக்கும் ஒரே சாவி. எங்கயோ ஒரு சின்ன ஷாப்பிங் சைட்ல கசிஞ்சா போதும், அதே மெயில் ஐடி, அதே பாஸ்வேர்டை நேரா மெயில்ல போட்டுப் பாப்பான். மெயில் போனா எல்லாம் போச்சு, 'பாஸ்வேர்ட் மறந்துடுச்சா' லிங்க் பூரா அங்கதானே வருது. அதனால முதல்ல மெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, இன்னிக்கே, கூடவே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனையும், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பையும், ஆன் பண்ணிடுங்க.

என் மொபைல் நம்பர்தான் என் பாஸ்வேர்ட். பத்து டிஜிட் ஆச்சே, கஷ்டம்தானே?
- வாசகி, விருதுநகர்

நம்ம ஊரு மொபைல் நம்பர் 6, 7, 8, 9-லதான் ஆரம்பிக்கும், அப்ப மொத்தமே 400 கோடி. பழைய எம்டி5 முறையில அரைச்ச சைட்டா இருந்தா ஒரு நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு செகண்டுக்குப் பல ஆயிரம் கோடி போட்டுப் பாக்கும். நீங்க கண்ண மூடித் திறக்கிற நேரம்தான்.

நீளமா வைங்கனு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு கேஸ் புக் பண்ண நம்பரே ஞாபகம் இருக்காது!
- வாசகி, கும்பகோணம்

எழுத்தா ஞாபகம் வைக்காதீங்கம்மா, சொல்லா வைங்க. 1995-ல ஆர்னால்டு ரெயின்ஹோல்டுங்கிறவர் டைஸ்வேர்னு ஒரு வழி சொன்னாரு. 7,776 சொல் இருக்கிற லிஸ்ட், அஞ்சு தடவ டைஸ் உருட்டுனா, வர்ற அஞ்சு நம்பருக்கு நேரா லிஸ்ட்ல ஒரு சொல் இருக்கும். (தாயக்கட்டை ஆகாது, அதுல நாலு பக்கம்தான், லூடோ டைஸ் எடுங்க.) இப்படி ஆறு சொல் எடுத்துக் கோத்தா, செகண்டுக்கு 5,000 கோடி தடவ முயற்சி பண்ணாலும் முழுசா முடிக்க ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல ஆகும். 'இட்லி தண்டவாளம் சித்தப்பா மூக்குத்தி குடை யானை'னு சம்பந்தமே இல்லாம வந்தாத்தான் நல்லது, சிரிப்பு வரும், மறக்காது. ஆனா சொல்லை நீங்களா பொறுக்கக்கூடாது, டைஸ்தான் பொறுக்கணும். 'அகர முதல எழுத்தெல்லாம்' வச்சா நீளம்தான், ஆனா அது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே தெரியுமே.

ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. நம்ம சொல்லை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறப்ப ஒருவாட்டி 'வாழைப்பழம்'னு வச்சேன், மறுநாள் அந்த 'ழ'-வுக்கு இசட் எச் போட்டேனா, வெறும் எல் போட்டேனானு தெரியல, அதுலயும் ரெண்டு 'ழ', ஒண்ணு அப்படி ஒண்ணு இப்படினுகூட இருக்கலாம், அஞ்சு தடவ தப்பா அடிச்சு அக்கவுண்டே லாக் ஆயிடுச்சு. 'ழ' 'ற' இல்லாத சொல்லா வர்ற வரைக்கும் மறுபடி உருட்டுங்க.

ஆபீஸ்ல 90 நாளைக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்க. நான் மாசத்தோட பேர மட்டும் மாத்திட்டு ஓட்டுறேன். ஓகேவா?
- வாசகர், அம்பத்தூர்

ஓகே இல்ல, ஆனா தப்பு உங்களோடது மட்டும் இல்ல. அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்ல பில் பர்னு ஒருத்தர் 2003-ல எழுதுன வழிகாட்டிதான் இந்த குறி, நம்பர், அடிக்கடி மாத்துற பழக்கத்தையெல்லாம் உலகம் பூரா பரப்புச்சு. 2017-ல அவரே அதுல நிறைய விஷயத்துக்கு வருத்தப்படுறேன்னு பத்திரிகைல சொல்லிட்டாரு. அதே வருஷம் நிஸ்ட்டும், கசிஞ்சதுக்கு ஆதாரம் இருந்தாத்தான் மாத்தச் சொல்லணும், சும்மா நாள் கணக்கு வச்சு மாத்தச் சொல்லாதீங்கன்னு எழுதிடுச்சு. ஏன்னா எல்லாரும் நீங்க பண்றதத்தான் பண்றாங்க, மார்ச் பாஸ்வேர்ட் தெரிஞ்சவனுக்கு ஜூன் தெரியாதா? உங்க ஐடி டீம் கிட்ட இத காட்டிப் பாருங்க. ஒத்துக்க மாட்டாங்க, ஆனாலும் காட்டுங்க.

அம்மா எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதி வச்சிருக்காங்க. கிழிச்சுப் போடவா?
- வாசகர், நாகர்கோவில்

ஐயோ வேண்டாம். பிட்வார்டன், கீபாஸ் மாதிரி பாஸ்வேர்ட் மேனேஜர், அதாவது எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கிற சாஃப்ட்வேர், நல்லதுதான், ஆனா எல்லா அம்மாவுக்கும் அது சரிப்படாது. வெளியூர்ல இருக்கிற திருடனுக்கு உங்க வீட்டு பீரோ எட்டாது. நோட்டு பீரோக்குள்ள இருக்கட்டும், ஏடிஎம் பின் மட்டும் அதுல வேண்டாம். அந்த நோட்டை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டிருக்காங்களானு மட்டும் ஒருக்கா பாத்துக்கோங்க.