ஆவியின் கனி தேவன் தருவது என்றால், என் கோபத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

கேள்வியின் விளக்கத்தில், பல நாள் ஜெபித்தும் முன்கோபம் குறையவில்லை என்றும், மாற்ற வேண்டியவர் தேவன்தானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன் நான். இதே கேள்வியை வாலிபர் கூட்டங்களில் பலரும் கேட்டிருக்கிறார்கள். "இன்னும் ஊக்கமாக ஜெபியுங்கள்" என்பதுதான் வழக்கமான பதில். ஜெபம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோபத்தை ஜெப விண்ணப்பமாக எழுதிக் கொடுத்துவிட்டால், அது நாம் செய்த காரியம் என்ற நினைப்பே மெல்ல மறைந்து, நமக்கு நேர்ந்த துன்பமாக மாறிவிடுகிறது. அந்தப் பதிலில் எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான்.

நீங்கள் சுட்டும் கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தையே சற்று முன்னும் பின்னும் வாசித்துப் பாருங்கள். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஆவியின் கனியாகிய நற்குணங்களைச் சொல்லும் பட்டியலுக்கு முன்னால், 16ஆம் வசனத்தில், ஆவிக்கேற்றபடி நடந்துகொள்ளச் சொல்லும் கட்டளை இருக்கிறது. பட்டியல் முடிந்தபின் 25இல் அதே அழைப்பு மீண்டும் வருகிறது. பட்டியலின் கடைசிக் கனி இச்சையடக்கம். தன்னை அடக்கும் பலத்தை ஆவியானவர் தருகிறார். அடக்க வேண்டியவன் நான்தான். பிலிப்பியர் 2:12-13இல், இந்த நிருபங்களை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார். பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள் என்கிறார். அதற்குக் காரணமாக, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். தேவன் செய்வதால் நீங்கள் சும்மா இருக்கலாம் என்று அவர் முடிக்கவில்லை.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பது பழைய வழக்கம். ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் சர்ப்பத்தைக் காட்டினாள். "பிசாசு தூண்டிவிட்டான்" என்று சாட்சி சொல்லும்போது நாமும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

எங்கள் ஊரில் இந்த விஷயம் அவ்வளவு எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாம்களில் வளர்ந்தவர்கள், 2004 சுனாமியில் வீட்டாரை இழந்தவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். சட்டென்று வெடிக்கும் கோபமும் யாரையும் நம்பாத மனமும் சிலருக்கு அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டவை. அவர்களிடம் போய், "உங்கள் விசுவாசம் போதாது" என்று சொல்வது கொடுமை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கே கோபம் வருகிறது. அந்தக் காயத்துக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்ல. பலருக்கு மருத்துவரின் உதவியும் தேவை, அதைத் தேடுவது அவிசுவாசம் ஆகாது. ஆனாலும் இன்று ஒரு பிள்ளையின் கன்னத்தில் விழும் அறை யுத்தத்தின் கையால் விழுவதில்லை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் கலாத்தியர் 6ஆம் அதிகாரம், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்றும் மூன்று வசனங்கள் தள்ளிச் சொல்கிறது. சபை முதலாவதை மறந்தால் இரண்டாவதைப் போதிக்க அதற்கு முகம் இருக்காது.

இன்னொன்று. இந்த ஊரில் சைவரும் முஸ்லிம்களும் பௌத்தரும் நடுவில் நாம் வாழ்கிறோம். பைபிளைத் தொட்டே பார்க்காத கடைக்காரர் மிச்சக் காசை எண்ணித் திருப்பிக் கொடுப்பதையும், கடனுக்கு வாங்கியவரிடம் முகம் சுளிக்காமல் பேசுவதையும் தினமும் பார்க்கிறோம். நற்குணம் கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று பேசும் பிரசங்கங்களை என்னால் ரசிக்க முடிவதில்லை. வேதமில்லாதவர்களின் இருதயத்திலும் நியாயப்பிரமாணத்தின், அதாவது தேவன் தந்த சட்டத்தின், கிரியை எழுதியிருப்பதாக ரோமர் 2இல் பவுலே ஒப்புக்கொள்கிறார்.

சரி, என்ன செய்வது? எபேசியர் 4:28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருடுகிறவன் திருட்டை நிறுத்தினால் போதும் என்று அங்கே இல்லை. கைகளால் வேலை செய்து, இல்லாதவனுக்குக் கொடுக்கவும் வேண்டும். வரி வசூலிப்பவனான சகேயுவும் மனம் வருந்துவதோடு நிற்காமல், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். இதைக் கோபத்துக்கும் பொருத்துங்கள். நீங்கள் யாரிடம் கத்தினீர்கள்? தம்பியிடம் என்றால் தம்பியிடம் போய், "ஆனால் நீயும்..." என்று இழுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:24 இதற்காகத்தான். சிலமுறை இப்படிக் கேட்க நேர்ந்தாலே, அடுத்தமுறை வாயைத் திறக்குமுன் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தையும் ஆவியானவரின் வேலை என்றே நான் நம்புகிறேன்.

தனியாக இதைச் செய்வது கடினம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் காலத்தில் மெதடிஸ்தர்கள் இதற்கு வழி கண்டதே தற்செயலாகத்தான். 1742இல் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க, ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனார். போன இடத்தில் ஒருவன் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான், இன்னொருவன் குடித்திருந்தான். வசூலுக்குப் போனவர்களே மேய்ப்பர்களாக வேண்டும் என்று வெஸ்லி உடனே கண்டுகொண்டார். சிறு குழுவாகக் கூடி ஒருவர் வாழ்வை ஒருவர் விசாரிக்கும் வகுப்புக் கூட்டம் அப்படிப் பிறந்தது.

உங்களையும் வாரம் ஒருமுறை, "இந்த வாரம் யாரிடம் கத்தினீர்கள்?" என்று நேராகக் கேட்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் போதகராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கோபத்தை நேரில் பார்த்த அக்காவோ நண்பரோ என்றால் இன்னும் நல்லது. நீங்கள் கதையை மாற்றிச் சொன்னால் அவர் அங்கேயே திருத்திவிடுவார்.