மழை அறிவிப்பை நம்பித் தென்னைக்கு நீரை நிறுத்தலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை வட்டத்தில் ஐந்து ஏக்கரில் 350 தென்னை மரங்கள் வைத்திருக்கிறேன். மாசி பிறந்ததிலிருந்தே சித்திரை வெயில் காய்கிறது. மழை வரும் என்ற அறிவிப்பைப் பார்த்து இருமுறை பாசனத்தைத் தள்ளிப்போட்டேன். மழை பெய்யவில்லை, குரும்பைகள் (இளம் பிஞ்சுகள்) கொட்டுகின்றன. ஆழ்துளைக் கிணற்றிலும் நீர் குறைந்துவிட்டது. எந்த அறிவிப்பை நம்பி நீர் பாய்ச்சுவது?

பதில்: ஐயா, கோடை மழை அறிவிப்பை நம்பித் தென்னைக்கு நீரை நிறுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அறிவிப்பு பொய் என்பதால் இதைச் சொல்லவில்லை. "ஓரிரு இடங்களில் லேசான மழை" என்று வானிலை ஆய்வு மையம் சொன்னால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் மட்டும் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். கோடை இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. தரை சூடாகிப் பிற்பகலில் திரண்டு, ஓரிரு மணி நேரத்தில் கலைந்துவிடும். அது எந்த ஊரின் மேல் இறங்கும் என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் ஓரளவு சொல்ல இயலும். கைபேசிச் செயலியில் ஐந்து நாள் முன்னதாகத் தெரியும் மேகப் படம் உங்கள் தோப்புக்கென்று கணித்ததன்று.

அந்த மழை வந்தாலும் போதுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் ஒரு மில்லிமீட்டர் மழை ஏறத்தாழ 10 லிட்டர். மேற்கு மாவட்டங்களில் பிப்ரவரி முதல் மே வரை பாத்திப் பாசனத்தில் மரத்துக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை 410 லிட்டர் பரிந்துரைக்கப்படுகிறது; அதற்கு ஈடாக 40 மில்லிமீட்டர் பெய்தாக வேண்டும். லேசான மழை ஒரு பாசனத்தின் பாதியைக்கூட நிரப்பாது.

நீர் பாய்ச்சிய மறுநாள் மழை பெய்தால் சில மணி நேர நீரும் மின்சாரமும் வீண். பாய்ச்சாமல் மழை பொய்த்தாலோ குரும்பை உதிர்வதோடு நிற்காது. இன்று வெடிக்கும் பாளையின் கரு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே குருத்துக்குள் தோன்றியது என்பதால், இப்போதைய வறட்சியின் பாதிப்பு அடுத்த இரண்டு ஆண்டு காய்ப்பிலும் தெரியும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்த பின் நம் பகுதித் தோப்புகள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே தோப்பில் ஒரு மழைமானி வைத்து, பெய்து முடிந்த மழையை அளந்த பிறகே பாசனத்தைக் குறையுங்கள். வெப்பநிலை முன்னறிவிப்பு மழையறிவிப்பைவிட நம்பகமானது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையில் அதைப் பார்த்துப் பாசன இடைவெளியைத் திட்டமிடலாம்.

அடுத்தது, கிணற்றில் உள்ள நீரைப் பங்கிடுவது. 200 லிட்டர் பீப்பாய் நிரம்பும் நேரத்தைக் கணித்து, ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்த நீரைக் கண்டறியுங்கள். சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் இயல்பான அளவு. தட்டுப்பாட்டில் 45, கடும் தட்டுப்பாட்டில் 22 லிட்டர். உங்கள் 350 மரங்களுக்கு இவை முறையே 22,750, 15,750, 7,700 லிட்டர் ஆகும். 7,700 லிட்டரும் கிடைக்காவிட்டால் எல்லா மரங்களுக்கும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, காய்ப்பு ஓய்ந்த முதிய மரங்களை விட்டுவிட்டு நல்ல மரங்களைக் காப்பதே சரி. சொல்ல மனம் கனக்கிறது, ஆனாலும் வேறு வழியில்லை.

பாத்தியில் 100 உரிமட்டைகளை (காயிலிருந்து உரித்த நார் மட்டைகளை) குவிந்த புறம் மேலே தெரியும்படி பரப்புங்கள். அல்லது காய்ந்த ஓலைகளால் மூடாக்கு இடுங்கள். மரத்தின் அடிப்பக்க ஓலைகளில் மூன்று முதல் ஐந்து வரை வெட்டினால் இலைவழி நீரிழப்பு குறையும். வெயிலில் வெள்ளை ஈ பெருகினால் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். அதை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து மடியும்.

பசிபிக் கடல் வெப்பத்தை (எல் நினோ, லா நினா) வைத்து இந்த ஆண்டு மழை எப்படியிருக்கும் என்று இப்போதே பேசுபவர்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். மார்ச் முதல் மே வரை செய்யப்படும் அந்தக் கணிப்புகளே ஆண்டில் மிகவும் தடுமாறுபவை. ஏப்ரல் நடுவில் வரும் தென்மேற்குப் பருவமழை அறிவிப்பும் நாடு முழுமைக்குமான சராசரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் உங்கள் தோப்புக்கு முக்கிய மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவரை உரமிடுவதையும் ஒத்திவைத்து, மண் நன்றாக நனைந்த பிறகே இடுங்கள்.