கூரைக்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி?

கேள்வி: விமானத்தில் தெர்மல் கேமரா வைத்து நகரத்தையே படம் எடுத்தால், எந்தக் கட்டடம் எரிசக்தியை வீணாக்குகிறது என்று தெரிந்துவிடுமாமே, நிஜமா?

பாதி நிஜம். கேமராவுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: கூரையின் மேல்பரப்பிலிருந்து கிளம்பி வரும் அகச்சிவப்புக் கதிர், பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். கரன்ட் பில்லோ, கூரைக்கு அடியில் இன்சுலேஷன் (சூடு கடக்காமல் தடுக்கும் அடுக்கு) இருக்கிறதா இல்லையா என்பதோ அதற்குத் தெரியாது. அதெல்லாம் நாம் ஊகிப்பது. குளிர்ப் பிரதேசத்தில் உள்ளே ஹீட்டர் ஓடும்போது, இன்சுலேஷன் சரியில்லாத கூரை வழியே சூடு கசிந்து, அக்கம்பக்கத்துக் கூரைகளைவிட அது பளிச்சென்று தெரியும். அந்த ஊகம் பல இடங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் பாருங்கள், ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பாழடைந்த வீடுதான் அந்தப் படத்தில் ஊரிலேயே சிறந்த வீடு மாதிரி கருநீலத்தில் இருக்கும் (இந்தப் படங்களில் சூடு சிவப்பு, குளிர்ச்சி நீலம்). கூரைக்கும் மேல்தள அறைக்கும் நடுவே காற்று தாராளமாகப் புகுந்து போகும் சாய்கூரை வீடும் அப்படித்தான், கசியும் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும், ஓடு குளிர்ந்தே இருக்கும்.

கேள்வி: எங்கள் கான்கிரீட் தளம் சிவப்பாக இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தகரக் கூரை நீலமாக இருக்கிறது. அப்படியென்றால் தகரம்தான் நல்லதா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கலாம். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு கதிரை வெளிவிடுவதில்லை. உமிழ்திறன் என்று அதற்குப் பெயர். கான்கிரீட், ஓடு, செங்கல், பெயின்ட் அடித்த பரப்பு எல்லாம் 0.9-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், பளபளக்கும் அலுமினியத் தகடு 0.1-ஐக்கூடத் தொடாது. தன் சூட்டை வெளியே காட்டாத இந்தத் தகடு கண்ணாடி போல வானத்தைப் பிரதிபலிக்கிறது. தெளிந்த இரவு வானமோ தெர்மல் கேமராவுக்கு உறைநிலைக்கும் கீழே தெரியும். ஆக, நீங்கள் பார்த்த நீலம் தகரத்தின் குளிர்ச்சி இல்லை, வானத்தின் குளிர்ச்சி. பெயின்ட் அடிக்காத தகரத்தை உச்சி வெயிலில் படம் எடுத்தாலும் இதே ஏமாற்றுதான்: படத்தில் சாதுவாகத் தெரிவதில் கையை வைத்தால் கொப்புளம் வந்துவிடும். ஓட்டுக் கூரையை ஓட்டுக் கூரையோடும் தகரத்தைத் தகரத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். கூரை என்ன பொருள் என்று கணக்கில் எடுக்காமல் ஊர் முழுக்கச் சிவப்பு, பச்சை பூசிக் கொடுக்கும் படத்தை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: ஏன் நடுராத்திரியில் பறக்கிறார்கள்?

பகலில் கூரை காட்டுவது சூரியனின் சூட்டை, வீட்டின் சூட்டை இல்லை. கனமான தளம் அதை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும், அதனால் விடியலுக்கு முந்தைய நேரம் நல்லது. அதோடு கூரை நனையாமல் இருக்க வேண்டும், காற்று அடிக்கக் கூடாது (காற்று எல்லாக் கூரையையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும்), உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி செல்சியஸாவது வித்தியாசம் வேண்டும். இத்தனையும் கூடி வரும் இரவுகள் ஒரு குளிர்காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

கேள்வி: செயற்கைக்கோள் படம் போதாதா?

போதாது. லேண்ட்சாட் 8, 9 என்ற செயற்கைக்கோள்கள் இரண்டிலும் வெப்ப உணரியின் ஒரு பிக்சல் 100 மீட்டர், அதற்குள் ஒரு தெருவே அடங்கிவிடும். நகரத்தின் எந்தப் பகுதி கொதிக்கிறது என்று பார்க்க அருமையானது, உங்கள் வீட்டைப் பார்க்க உதவாது. விமானத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவான பிக்சல் கிடைக்கும், ட்ரோனில் சில சென்டிமீட்டர். ஊருக்கு விமானம், ஒற்றைக் கட்டடத்துக்கு ட்ரோன். நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குச் சுவரும் ஜன்னலும் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். சூடு அந்த வழியாகவும்தான் போகிறது.

கேள்வி: வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு இதனால் என்ன லாபம்?

லாபம் உண்டு, ஆனால் கேள்வி தலைகீழாகிவிடும். அங்கே சூடு வெளியே கசிவதில்லை, உள்ளே இறங்குகிறது. ஏசி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் 10 டிகிரியைத் தொடாது, அதனால் இரவுப் படத்தில் கசிவைத் தேடிப் பயனில்லை. பகலில் எடுத்து, எந்தக் கூரை வறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். கருங்கூரை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும், பக்கத்திலேயே வெள்ளைப் பூச்சு அடித்த தளம் அதைவிடப் பல டிகிரி குறைவாக நிற்கும். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்தக் குடியிருப்புக்கு முதலில் வெள்ளை அடிப்பது என்று முடிவெடுக்க இந்தப் படம் போதும்.

இன்னொரு உபயோகம், எனக்கு மிகவும் பிடித்தது: தட்டைக் கூரையின் இன்சுலேஷனுக்குள் இறங்கிய மழைநீர். தண்ணீர் சீக்கிரம் ஆறாது. நல்ல வெயில் அடித்த நாளின் மாலையில், பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால், காய்ந்த இடமெல்லாம் குளிர்ந்துவிட, நனைந்த இடம் மட்டும் திட்டுத் திட்டாகச் சூடாகத் தெரியும். கூரை முழுவதையும் பெயர்க்காமல் அந்தத் திட்டுகளை மட்டும் வெட்டி மாற்றலாம்.

கேள்வி: வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரிந்துவிடாதா?

கூரையை ஊடுருவி ஆளைப் பார்க்க முடியாது, சாதாரண ஜன்னல் கண்ணாடிகூட இந்தக் கதிரை மறித்துவிடும். ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது. அமெரிக்காவில் கஞ்சா வளர்க்க விளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள, அதிகாரிகள் ஒரு வீட்டைத் தெருவிலிருந்தே தெர்மல் கேமராவில் பார்த்தார்கள். 2001-இல் கைலோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வாரன்ட் இல்லாமல் அப்படிப் பார்ப்பது சட்டவிரோதச் சோதனைதான் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. ஊர்ப் படம் எடுக்கிறவர்கள் முன்கூட்டியே மக்களிடம் சொல்லட்டும், வீடுவாரியான விவரத்தை வீட்டுக்காரருக்கு மட்டும் காட்டட்டும். இதில் என்ன கஷ்டம்?

கேள்வி: கேமரா எதுவும் இல்லாமல் நானே பார்க்க வழி உண்டா?

பனி பெய்யும் ஊரென்றால் தெருவில் நின்று, ஒரே மாதிரிக் கூரைகளில் எதில் பனி முதலில் உருகுகிறது என்று பாருங்கள். வெயில் ஊரென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, மேல்மாடி அறையின் சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். அப்புறம் கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள்.