ஏழை நாட்டுக்கு விண்வெளிச் செலவு தேவையா?

சாப்பாட்டுக்கே திண்டாடுபவர்கள் இருக்கும்போது நிலவுக்குச் சந்திரயான்-3 விண்கலத்தை அனுப்ப எதற்கு 615 கோடி ரூபாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். முதலில் கணக்கு: 2023-24 மத்திய பட்ஜெட் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 12,500 கோடி. அதாவது 100 ரூபாயில் 28 காசு.

அந்தக் காசு என்ன செய்கிறது? புயல்களையே பாருங்கள். 1964 டிசம்பரில், புயல் இரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் பயணிகளோடு இழுத்துக்கொண்டு போனது. 1999 ஒடிசா புயலில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். அதே ஒடிசாவில் 2013-இல் பைலின் புயல் வந்தபோது பலி 50-ஐத் தாண்டவில்லை. செயற்கைக்கோள் படங்களில் புயலை நாள்கணக்கில் பின்தொடர முடிந்ததால், முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். (புயல் காப்பகங்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.)

சரி, அது வானிலை, நிலவு எதற்கு? சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற அதே எல்விஎம்-3 ரக ராக்கெட்தான், செயற்கைக்கோள் வழியே இணையச் சேவை தரும் ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை இரண்டு முறையாகக் கட்டணத்துக்குக் கொண்டுபோனது. ஆனாலும் வருமானத்தை மட்டும் வைத்து நான் இதை ஆதரிக்கவில்லை. நிலவின் தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை நேரில் அளந்து சொன்னது சந்திரயான்-3 கொண்டுபோன நம் கருவி. புயல் எச்சரிக்கைக்கும் அந்த அறிவுக்கும் சேர்த்து 28 காசு அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.