செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறதுக்கு முன்னாடி அதோட பழைய கதையை எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வியில நீங்க சொல்லியிருக்கறது இதுதான்: ஆறு வருஷ கார், ஒரே ஓனர், மீட்டர்ல 38 ஆயிரம் கிலோமீட்டர், நம்பரை போட்டு ஹிஸ்டரி ரிப்போர்ட் எடுத்தா சுத்தமா இருக்கு, ஆனாலும் மனசு ஒப்பல. கூடவே, ரிப்போர்ட்டே இல்லாத அந்த காலத்துல எதை நம்பி கார் வாங்கினாங்கன்னும் கேட்டிருக்கீங்க. கடைசியா ஒரு வரி, விக்கிறவர் மெக்கானிக்கை கூட்டிட்டு வர வேண்டாம்ங்கறாருன்னு. அதுக்கு கடைசியில வரேன்.

ரிப்போர்ட் சுத்தமா இருந்தா கார் சுத்தம்னு அர்த்தம் இல்ல, யாரும் எதுவும் பதிவு பண்ணலன்னு மட்டும்தான் அர்த்தம். இன்சூரன்ஸ் க்ளைம் போட்டிருந்தா வரும், கம்பெனி சர்வீஸ்ல விட்டிருந்தா வரும், கை காசை போட்டு தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல சத்தமில்லாம சரி பண்ணியிருந்தா ஒண்ணுமே வராது. இதை நான் படிச்சு தெரிஞ்சுக்கல, என் முதல் கார்ல பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். பேப்பர் பக்கா, பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு, உள்ள மட்டும் சென்ட் வாசனை கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, நல்லா வச்சிருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன் (அதுவே முதல் சிக்னல்னு அப்போ தெரியல). மூணாவது மாசம் பவர் விண்டோ தானா இறங்க ஆரம்பிச்சுது, அப்புறம் சென்ட்ரல் லாக், அப்புறம் ஏர்பேக் லைட் எரிஞ்சது எரிஞ்சபடியே நின்னுடுச்சு. மெக்கானிக் பானெட்டை திறக்கவே இல்ல, டிரைவர் சீட் பெல்ட்டை புடிச்சு இழு இழுன்னு அது முடியற வரைக்கும் இழுத்தார். மேல் பாதி நல்லா இருக்கு, ரீலுக்குள்ள எப்பவும் சுத்திக்கிட்டு கிடக்கற கடைசி அடியில காஞ்ச சேறு பழுப்பு கோடா படிஞ்சிருக்கு. வெள்ளத்துல நின்ன வண்டி. மூணு மாசமா தினமும் அந்த பெல்ட்டை போட்டுக்கிட்டுதான் ஓட்டினேன், ஒரு நாள் கூட முழுசா இழுத்து பாக்கல.

அதனால இப்ப யார் கூட கார் பாக்க போனாலும் நான் முதல்ல உக்காந்து பெல்ட்டை இழுத்துடுவேன், விக்கிறவர் ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும். அடுத்து சீட்டை முன்னாடி தள்ளிட்டு அடியில இருக்கற ரெயில், போல்ட்டு, ஸ்பிரிங் எல்லாத்துலயும் டார்ச் அடிச்சு துரு பாக்கணும், டிக்கியில ஸ்டெப்னியை தூக்கிட்டு அந்த பள்ளத்தை தடவி பாக்கணும். பழைய கார்ல கார்பெட் மட்டும் புத்தம் புதுசா இருந்தா ஏன்னு கேளுங்க.

இப்ப நம்பருக்கு வரேன். சேசிஸ் நம்பர் 17 எழுத்து. அதுல ஐ, ஓ, க்யூ இந்த மூணு இங்கிலீஷ் எழுத்தும் வரவே வராது, ஒண்ணு, பூஜ்யத்தோட குழம்பும்னு எடுத்துட்டாங்க, அதனால வட்டமா எது தெரிஞ்சாலும் அது பூஜ்யம்தான். பத்தாவது எழுத்து நிறைய கம்பெனிகள்ல மாடல் வருஷத்தை சொல்லும், 2010க்கு ஏ, அப்படியே வரிசையா வந்து 2017க்கு ஹெச், நடுவுல ஐ கிடையாதுங்கறதால 2018க்கு நேரா ஜே. எல்லா நாட்டு வண்டியிலயும் இந்த கணக்கு கட்டாயம் இல்ல, ஆனா இருக்கற வண்டியில அது பேப்பரோட ஒத்துப்போகணும். முக்கியம் என்னன்னா பாடியில குத்தியிருக்கற நம்பர், கதவு பக்கத்து ஸ்டிக்கர் இல்லன்னா முன் கண்ணாடி அடியில இருக்கற தகடு, பேப்பர், இது எல்லாத்துலயும் ஒரே நம்பர் இருக்கான்னு எழுத்து எழுத்தா பாருங்க. குத்தியிருக்கற இடத்தை சுத்தி விரலை வச்சு தடவி பாருங்க, சொரசொரன்னு தேச்ச தடமோ அந்த இடத்துல மட்டும் புது பெயின்ட்டோ இருந்தா பேச்சே வேண்டாம். அந்த நம்பர் மேல பழைய லோன் பாக்கி இருக்கான்னும் பாத்துடுங்க, இதுல விளக்க ஒண்ணும் இல்ல.

இந்த நம்பர் வந்த கதைதான் உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில். கார்ல் பென்ஸ் ஜெர்மனியில, உலகத்தோட முதல் கார்னு சொல்ற அந்த மூணு சக்கர வண்டிக்கு பேட்டன்ட் போட்டது 1886 ஜனவரி 29. ரெண்டு வருஷம் கழிச்சு 1888 ஆகஸ்ட்ல அவர் மனைவி பெர்த்தா, புருஷன்கிட்ட சொல்லாம ரெண்டு பசங்களை ஏத்திக்கிட்டு மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல, ஓட்டிக்கிட்டு போயிட்டாங்க. வழியில எரிபொருள் தீந்துபோய் வீஸ்லோக்னு ஒரு ஊர்ல மருந்துக்கடையில லிக்ராயின்னு பெட்ரோல் மாதிரி ஒரு திரவத்தை வாங்கி ஊத்தினாங்க, ட்யூப் அடைச்சப்போ தொப்பி ஊசியால குத்தி விட்டாங்க, பிரேக் கட்டை தேஞ்சதும் செருப்பு தைக்கிறவர்கிட்ட தோல் அடிச்சு வாங்கினாங்க, மேட்டுல வண்டி திணறினப்போ பசங்க இறங்கி தள்ளினாங்க. திரும்பி வந்து இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறம்தான் மேடு ஏற இன்னொரு கியர் சேத்தாங்க. உலகத்தோட முதல் சர்வீஸ் ஹிஸ்டரி அதுதான்னு நான் சொல்லுவேன். எங்க நின்னுச்சு, எதை மாத்தினோம், எதுக்கு திணறுச்சு, ஒண்ணையும் மறைக்கல. விக்கிறவங்க எல்லாரும் பெர்த்தாவா இருந்தா நம்மளுக்கு டார்ச்சே வேண்டாம்.

வண்டி பெருகினதும் யாரோடதுன்னு தெரிஞ்சாகணும்னு வந்துடுச்சு. பாரிஸ் போலீஸ் 1893ல வண்டிக்கு ஒரு தகடு வேணும், அதுல ஓனர் பேரு, அட்ரஸ், ஒரு நம்பர் இருக்கணும்னு உத்தரவு போட்டாங்க. பிரிட்டன்ல 1903ல சட்டம் போட்டு 1904 ஜனவரி 1ல இருந்து நம்பர் பிளேட் கட்டாயம் ஆச்சு. ஆனா கவனிச்சீங்கன்னா இதெல்லாம் ஓனருக்கான அடையாளம், வண்டிக்கான அடையாளம் இல்ல. ஃபோர்டு மாடல் டி 1908ல வந்து 1927ல நிக்கறதுக்குள்ள ஒன்றரை கோடிக்கு மேல போட்டாங்க, நடுவுல பல வருஷம் கருப்பு மட்டும்தான், தெருவுல பத்து வண்டி நின்னா எது யாரோடதுன்னே தெரியாது, அந்த வண்டியோட நம்பர் இன்ஜின்ல குத்தியிருக்கும், இன்ஜினை மாத்தினா அடையாளமும் கூடவே போயிடும். திருடனுக்கு இதைவிட வேற என்ன வேணும்? திருட்டு காரை மாநிலம் தாண்டி கொண்டு போறது அமெரிக்காவுல 1919லயே மத்திய அரசு குற்றமா ஆச்சு. அங்க கம்பெனிகள் வண்டிக்குன்னு தனி நம்பர் போட ஆரம்பிச்சது 1954 வாக்குல, அதுவும் ஆளுக்கொரு ஸ்டைல்ல. எல்லாரும் ஒரே மாதிரி 17 எழுத்துன்னு அங்க ஆனது 1981 மாடல்ல இருந்துதான். அதாவது கார் பொறந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சுதான் அதுக்கு ஒழுங்கான பேரு வச்சாங்க.

அதுவரைக்கும் வாங்கினவங்க காதையும் கையையும்தான் நம்பினாங்க. கியர் பாக்ஸ் சத்தம் போட்டா உள்ள மரத்தூளை போட்டு அமுக்கி விக்கிறது அந்த காலத்து பிரபலமான தில்லுமுல்லு.

மீட்டர் விஷயம் இன்னும் பழசு. ரோம் நாட்டு கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தூரம் அளக்கற வண்டி ஒண்ணை விவரிச்சிருக்கார், சக்கரம் 400 தடவை சுத்தினா ஒரு ரோமன் மைல், ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் டப்பாவுல டொக்குன்னு விழும், போய் சேந்ததும் எண்ணிக்க வேண்டியதுதான். அப்போ நாலு கல்லை எடுத்து வெளிய போட்டா நாலு மைல் குறைஞ்சிடும், இப்ப அதையே லேப்டாப்பை சொருகி பண்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க 38 ஆயிரத்தை இப்படி பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2319னா 2019ல 23-வது வாரம் செஞ்சது. 38 ஆயிரம்தான் ஓடிச்சுன்னா வண்டியோட வந்த டயரே இன்னும் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, நாலும் கார் வயசை விட ரொம்ப புதுசா இருந்தா ஏன் மாத்தினீங்கன்னு சாதாரணமா கேளுங்க. வயசாயிடுச்சு, வெடிச்சிடுச்சுன்னு நியாயமான காரணமும் இருக்கலாம், ஆனா பதில் உடனே வருதா, யோசிச்சு வருதான்னு பாருங்க. பிரேக் பெடல் ரப்பர்ல கோடு மழுங்கியிருக்கா, டிரைவர் சீட்ல ஏறி இறங்கற பக்க விளிம்பு நசுங்கியிருக்கா, ஸ்டியரிங் வழவழன்னு ஆயிருக்கா. புது ஸ்டியரிங் கவர் போட்டிருந்தா கழட்டி காட்ட சொல்லுங்க. இதுல ஒண்ணு மட்டும் தப்பா இருந்தா விடலாம், மூணும் சேந்து லட்சம் கிலோமீட்டர்னு சொன்னா மீட்டரை விட ரப்பரைத்தான் நான் நம்புவேன்.

கண்ணாடியும் நல்லா பேசும். ஒவ்வொரு கண்ணாடி மூலையிலயும் சின்னதா கம்பெனி முத்திரை, அதுல வருஷத்துக்கான குறி இருக்கும். போன வருஷம் ஒரு ஃப்ரெண்டுக்காக பாத்த கார்ல அஞ்சு கண்ணாடி ஒரே வருஷம், இடது பின் கதவு மட்டும் மூணு வருஷம் புதுசு. கல்லு பட்டுச்சுன்னார். சரின்னுட்டு அந்த கதவோட கீல் போல்ட்டை பாத்தேன், தலையில பெயின்ட் உரிஞ்சு ஸ்பானர் போட்ட தடம், கதவு ரப்பரை லேசா பிரிச்சா உள்ள பெயின்ட் வேற ஷேடு. கல்லு பட்டா கண்ணாடி மாத்துவாங்க, கதவை எதுக்கு கழட்டறாங்க?

இன்ஜினை ஆறி இருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணி பாக்கணும், நீங்க போறப்பவே பானெட் சூடா இருந்தா உங்களுக்காக முன்னாடியே ஓட விட்டு வச்சிருக்காங்க, அன்னிக்கு டீ குடிச்சிட்டு இன்னொரு நாள் வரேன்னு கிளம்புங்க. ஓபிடி ஸ்கேனர் (காரோட கம்ப்யூட்டர்ல பதிவான எரரை படிக்கற சின்ன கருவி) ஒண்ணு கடன் வாங்கியாவது எடுத்துட்டு போங்க. எரர் ஒண்ணும் இல்லன்னு காட்டினா உடனே சந்தோஷப்படாதீங்க, அதுல ரெடினஸ் மானிட்டர்னு ஒரு பக்கம் இருக்கும், கார் தன்னைத்தானே பண்ணிக்கற பல டெஸ்ட் இன்னும் முடியலன்னு அதுல வந்தா கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி எரரை அழிச்சிருக்காங்க இல்ல பேட்டரியை கழட்டி மாட்டியிருக்காங்க. மரத்தூளுக்கு இன்னிக்கு பேரு இதுதான்.

மெக்கானிக் வேண்டாம்ங்கற விஷயம். விக்கிறவருக்கு காரை பத்தி எல்லாம் தெரியும், வாங்கறவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னா அந்த மார்க்கெட்ல நல்ல வண்டி வச்சிருக்கறவன் விலை கட்டாம ஒதுங்கிடுவான், மட்டமானது மட்டும்தான் மிஞ்சும்னு ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல பழைய காரை வச்சேதான் எழுதினார், 2001ல பொருளாதார நோபல் வாங்கினவர். நல்ல வண்டி வச்சிருக்கறவருக்கு மெக்கானிக் வந்தா லாபம், அவர் சொல்றதுக்கு ஒரு சாட்சி கிடைக்குது. உங்க ஆளுக்கு அது ஏன் வேண்டாம்? இன்னொரு தடவை மரியாதையா கேட்டு பாருங்க, செலவு என்னோடது, அரை மணி நேரம்தான்னு. அப்பவும் முடியாதுன்னா பெல்ட்டை கூட இழுக்க வேண்டாம், அடுத்த காரை பாருங்க.