கேள்வி நேரம்: ஒட்டாவா கிராமமாக இருந்த காலம்

மகள் ஒட்டாவாவில் வேலை பார்க்கிறாள். கனடாவின் தலைநகரம் 200 வருஷத்துக்கு முன் வெறும் கிராமமாம். நம் பெங்களூர் கன்டோன்மென்ட் மாதிரி பட்டாளம் வந்து உண்டாக்கிய ஊரா?
(வாசகி, அல்சூர்)

கிட்டத்தட்ட அப்படித்தான். 1812-ல் அமெரிக்காவுடன் மூண்ட போரில் பிரிட்டனுக்கு ஒரு பயம் வந்தது. மாண்ட்ரியலிலிருந்து கிங்ஸ்டனுக்குச் சரக்கு போகும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மறுகரை அமெரிக்காவுடையது. படகை அங்கிருந்தே சுட்டுவிடலாம். எனவே உள்ளே தள்ளி ஒரு கொல்லைப்புற வழி தேவைப்பட்டது. 1826-ல் லெப்டினன்ட் கர்னல் ஜான் பை வந்து, 202 கிலோமீட்டர் ரிடோ கால்வாயை 1832-க்குள் முடித்தார். கால்வாய் ஒட்டாவா ஆற்றைத் தொடும் இடத்தில் முளைத்த குடியிருப்புக்கு அவர் பெயரால் பைடவுன் என்று பெயர்.

அல்சூர்க்காரர்களுக்கு சப்பர்ஸ் (பட்டாளத்தின் கட்டுமானப் பிரிவு) என்றால் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் பிரிட்டிஷ் சப்பர்கள் வந்தார்கள். அவர்கள் பாரக்ஸ் இருந்த குன்றில்தான் இன்று பாராளுமன்றம் நிற்கிறது. குன்றடியில் எட்டு லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள்) படிக்கட்டு போல அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் 134 அடி நீளம், 33 அடி அகலம். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து தண்ணீர் விடுவார்கள். மட்டம் சமமானால்தான் மேல்கதவு அசையும்; அவசரப்பட்டு யார் தள்ளினாலும் தண்ணீரின் அழுத்தம் விடாது. இப்போதும் கையால் சுற்றித்தான் திறக்கிறார்கள். மகளைப் பார்க்கப் போனால் கோடையில் போங்கள்.

மேட்டில் அப்பர் டவுன், அதிகாரிகளுக்கு. சதுப்பில் லோயர் டவுன், கூலிகளுக்கும் கடைக்காரர்களுக்கும். மண்வெட்டி பிடித்த ஐரிஷ்காரர்கள் பலருக்கு அதுவும் இல்லை. கால்வாய்க் கரையிலேயே குடிசை போட்டார்கள், அந்தச் சேரிக்கு கார்க்டவுன் என்று பெயர். 1855-ல் ஊர் நகரமானபோது பெயரும் ஒட்டாவா ஆனது.

கால்வாய்க்கு முன்பே மரம் வெட்டி ஆற்றில் விட்டார்களாமே? உருட்டு மரமாக விடாமல் ஏன் சதுரமாகச் செதுக்கினார்கள்?
(மரக்கடைக்காரர், சிவாஜி நகர்)

ஒட்டாவா ஆற்றின் எதிர்க்கரையில் 1800-லேயே ஃபிலமன் ரைட் என்ற அமெரிக்கர், மாசசூசெட்ஸிலிருந்து குடும்பங்களைக் கூட்டி வந்து குடியேறினார். 1806-ல் முதல் தெப்பத்தை கியூபெக் துறைமுகத்துக்கு ஓட்டிச் சென்றார். அதற்குச் சற்றுப் பிறகு பால்டிக் மரம் வருவதை நெப்போலியன் அடைக்க, பிரிட்டன் கனடா மரத்தை நம்ப வேண்டியதாயிற்று.

சதுரம் ஏன் என்றால், கப்பலில் உருட்டு மரங்களை அடுக்கினால் நடுவில் சந்து விழும், வாடகை வீண். வேலை குளிர்காலத்தில் நடக்கும். வெள்ளைப் பைன் மரத்தைச் சாய்த்து, பட்டையைச் சீவி, நம் ஆசாரி நூல் அடிப்பது போலவே நூல் அடிப்பார்கள். அந்தக் கோடு வரை கோடரியால் இடைவெளி விட்டு வெட்டுகள் போட்டு, இடைப்பட்ட சிம்புகளைப் பெயர்த்து, கடைசியில் அகலக் கோடரியால் முகத்தை மழிப்பார்கள். முதல் வெட்டு கோட்டைத் தாண்டி இறங்கினால் அந்த வடு மழித்த பிறகும் நிற்கும், விலை விழும். நல்ல மரத்தில் பெரும்பங்கு சிம்பாகக் காட்டிலேயே கிடந்து காயும். அப்புறம் ஒரு தீப்பொறி போதும். ஊதாரித்தனம்தான், வேறு பேர் இல்லை.

பனியில் இழுத்து ஆற்றங்கரையில் குவித்தால், வசந்தகால வெள்ளம் தூக்கிக்கொள்ளும். ஓக் மரம் சரியாக மிதக்காது. பைனோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஒட்டாவா ஆற்றின் ஷோடியேர் அருவியில் தெப்பம் சிதறும், மரம் பிளக்கும். 1829-ல் ரைட்டின் மகன் ரகிள்ஸ் அருவியைச் சுற்றி மரச்சறுக்கு அமைத்தார். பிறகு தெப்பத்தைச் சிறு துண்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சறுக்க விட்டு, கீழே மீண்டும் பிணைத்தார்கள்.

கால்வாய் வெட்டியவர்கள் மலேரியாவில் இறந்தார்களாமே. கனடாவில் மலேரியாவா? நம்ப முடியவில்லை.
(செவிலியர், மர்பி டவுன்)

நம்புங்கள். கால்வாய் வேலையில் இறந்தவர்களில் பலரை அதுதான் கொண்டுபோனது. பைடவுனை விட, தெற்கே கிங்ஸ்டன் பக்கச் சதுப்புகளில் கொடுமை அதிகம். குளிரூர் என்றாலும் கோடையில் கொசு உண்டு; காய்ச்சல்காரர் ஒருவர் இருந்தால் மற்றவருக்குப் பரவும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆட்கள் விழுவார்கள். கெட்ட காற்று என்றே அன்று நினைத்தார்கள். கொய்னா மருந்து இருந்தது, ஆனால் அதன் விலை கூலிக்காரனுக்கு எட்டாது.

ஒட்டாவா என்பது பழங்குடியின் பெயரா? கிராமம் அவர்களுடையதா?
(கல்லூரி மாணவர், பிரேசர் டவுன்)

பெயர் ஒடாவா மக்களுடையது. வாணிபம் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் அவர்கள் வீடு ஹியூரான் ஏரிப் பக்கம். இந்த ஆற்றோரம் அல்கோன்கின் மக்களுடையது. 1613-ல் பிரெஞ்சுப் பயணி ஷாம்ப்லேன் கண்டதை எழுதியிருக்கிறார்: அருவியைக் கடந்ததும் ஒரு மரத்தட்டு சுற்றி வரும், ஒவ்வொருவரும் ஒரு துண்டு புகையிலை வைப்பார்கள், பாடி ஆடியபின் அதைக் கொதிக்கும் சுழலில் போடுவார்கள். அந்த நிலத்தை அல்கோன்கின்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கும் பேச்சுவார்த்தையும் இன்னும் நடக்கின்றன.